கருவாடு தின்ற சோளம்

விழிதியூரில் திரிபுரசுந்தரியை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு வரப்பைத் தாண்டிப் போயிருப்பாள். நடையா அது? அவள் தெருவில் போனால் கொடியில் காயும் துணியெல்லாம் பின்னாலேயே பறக்கும். அதனால் ஊருக்கே அவள் சுந்தரி.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சிவக்குமார். காரைக்கால் டவுனில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. நல்ல மனுஷர், ஆனால் ஆமை அவரைப் பார்த்தால் "கொஞ்சம் வேகமா வாங்கண்ணே" என்று சொல்லும். காலையில் அவர் ஒரு இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோவதற்குள், சுந்தரி மாட்டைக் கறந்து, சாணியை அள்ளி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்து நிற்பாள்.

"இன்னுமா சாப்புடுறீங்க?"

"இப்பத்தான சுந்தரி ஒக்காந்தேன்."

குடும்ப நிலத்தில் சிவக்குமாரின் பங்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவருக்கு வேலை இருந்ததால் அண்ணன் கைலாசநாதன்தான் பல வருஷமாக அதிலும் சேர்த்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். மழைக்கு நெல், கோடைக்குப் பருத்தி. கைலாசநாதன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தம்பி குடும்பத்துக்கு நெல் மூட்டை வீடு தேடி வந்துவிடும். ஒரே ஒரு கோளாறு, பூச்சிமருந்தின் மேல் அவருக்கு இருந்த பக்தி. சாமிக்குக்கூட வெள்ளிக்கிழமைதான் கும்பிடு, மருந்துக்குத் தினமும். வயலில் ஒரு தும்பி பறந்தால் போதும், டேங்க்கைத் தோளில் மாட்டிவிடுவார். அவர் வயலைத் தாண்டும் கொசு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டும்.

போன கோடையில் பருத்திக்கு மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த சுந்தரி வரப்பிலேயே சுருண்டு விழுந்தாள். வாந்தி, கண் இருட்டல், வாயில் நுரை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிவக்குமார் ஓடியதை ஊர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வெயிலு தலைக்கு ஏறிடுச்சு. மோரு குடிச்சா சரியாயிடும்" என்றார் கைலாசநாதன்.

வெயில் இல்லை என்று சுந்தரிக்குத் தெரியும். வெயிலோடுதானே அவள் பிறந்து வளர்ந்தாள்? கையில் டிரிப்ஸ் ஊசியோடு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தவள், அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். படுத்துக்கொண்டே வேகமாக ஒரு காரியம் செய்தது அந்த ஒரு தடவைதான்.

தை அறுப்பு முடிந்ததும் கைலாசநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, இந்தக் கோடைக்கு எங்க பங்க நானே பயிர் வச்சுக்கிறேன்."

"நீயா? என்னா போடப் போற?"

"ஸ்வீட் கார்னு. மருந்து கெடையாது. யூரியா கெடையாது. சாணி, வேப்பங்கொட்டை, மீனுக் கழிவு, அவ்வளவுதான்."

கைலாசநாதன் சிரித்த சிரிப்பில் தெருமுனையில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "ஏம்மா, மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வருமேம்மா! மருந்தடிச்சாலே போவாது. நீ வேப்பங்கொட்டையக் காட்டுனா பயந்துக்குமா?"

"பயப்படலன்னா நான் பாத்துக்கிறேன்."

அவர் உள்ளே போய் மோட்டார் கொட்டகைச் சாவியை எடுத்து வந்தார். "இந்தா. ஒரு போகம். பயிரு வெளங்கலன்னா சாவி எங்கிட்ட வந்துரணும். அப்பறம் வயலு என் பொறுப்பு, பருத்தியோ நெல்லோ நான் போடுறதுதான். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். ஒரு சொட்டு மருந்து வாங்குனேன்னாலும் சாவிய நானே கொண்டாந்து குடுத்துர்றேன்."

சாவியை இடுப்பில் செருகினாள். அன்றையிலிருந்து குளிக்கும்போதுகூட அது அவளோடுதான் குளித்தது.

ஸ்வீட் கார்ன் யோசனை கொடுத்தவர் ஜெகபர் சாதிக். காரைக்கால் பீச்சில் தள்ளுவண்டியில் சோளம் அவித்து விற்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் சுந்தரிக்கு வாய் கசந்துகிடக்க, சிவக்குமார் பீச்சுக்கு அழைத்துப் போய் ஒரு கதிர் வாங்கிக் கொடுத்திருந்தார். கடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க பாய், இனிப்பே இல்ல?" என்றாள்.

"லாரியில வருதுக்கா. பறிச்ச அன்னிக்கி இருக்குற இனிப்பு மறுநாளு இருக்காது. இங்கனக்குள்ள யாராச்சும் போட்டா, வயல்லேருந்து நேரா என் சட்டியில வுட்டுருவேன். எவன் போடுறான்?"

அந்த 'எவன் போடுறான்' சுந்தரியின் காதில் சாவி மாதிரியே செருகிக்கொண்டது.

வேலை தொடங்கியது. எருவுக்கு வயலில் ஆட்டுக்கிடை போட்டாள். தொழுவுரம் அடித்தாள். சாணியும் கோமியமும் வெல்லமும் கடலைமாவும் கலந்து ஜீவாமிர்தம் ஊறவைத்தாள். ஆனால் ஊரையே உலுக்கியது மீன் அமிலம்தான். கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடையோடு மீன் விற்க வரும் செல்லம், தலை, குடல், செதில் எல்லாம் ஒரு வாளியில் கொண்டுவந்து கொட்டுவாள். அதற்குச் சரிக்குச் சரி வெல்லம் போட்டு, டிரம்மில் மூடி, நிழலில் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் திறக்கக் கூடாது. பக்குவம் வந்தால் தேன் மாதிரி வடியும். கொஞ்சத்தை எடுத்து நிறையத் தண்ணீரில் கலந்து தெளித்தால் இலை கரும்பச்சையாகத் திரும்பும்.

டிரம்மைத் திறந்த அன்று விழிதியூர்ப் பூனைகள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வயலுக்கு வந்துவிட்டன. வரப்பு முழுக்கப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்து ஊர்ப் பூனைகளுக்கும் பத்திரிகை போயிருக்கும்போல.

சோளம் முழங்காலுக்கு வந்தபோது படைப்புழுவும் வந்தது. குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் மாதிரி எச்சத்தைக் குவித்துவிட்டு உள்ளே உட்கார்ந்து தின்றது. சுந்தரி வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளித்தாள். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துக் கரைத்தும் தெளித்தாள். வாய்க்கால் மணலில் சாம்பலைக் கலந்து ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போட்டாள். அதற்கும் மசியாத புழுவை விடிந்தும் விடியாமலும் வந்து கையாலேயே பொறுக்கி நசுக்கினாள். பயிர் இடுப்பளவு வந்தது. மீன் அமிலம் தீர்ந்தது. பூ வரும் நேரம், இன்னும் ஒரு தெளிப்பு வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. விசைப்படகெல்லாம் கரையில். செல்லத்தின் கூடையில் கருவாடுதான் கிடந்தது.

"செல்லக்கா, கழிவு இல்லியா?"

"ஏன்டி, போட்டே போவல, நான் என்னா கடல்ல முங்கியா எடுத்தாருவேன்? கருவாட்டுக் கொட்டகையில தலையும் துண்டுமாக் கூட்டிக் குமிச்சுக் கெடக்கு. வேணுன்னா அள்ளிக்கிட்டு வாரேன்."

சுந்தரி யோசித்தாள். அவள் யோசிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கண்ணிமைகூட முழுசாக மூடாது. "மீனு மீனுதானக்கா? அதும் இது ஏற்கெனவே காஞ்சு பக்குவமானது. வாரக்கணக்கா ஊற வைக்கவும் வேணாம்."

"அதான! வேலை மிச்சம்டி" என்றாள் செல்லம்.

உலகத்தில் கடலும் வயலும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊரில்தான் இரண்டு பெண்கள் சேர்ந்து இப்படி ஒரு யோசனைக்கு வர முடியும். கருவாட்டுக் கழிவு வந்தது. வெல்லத்தோடு சில நாள் ஊறியது. 'பக்குவமான சரக்கு' என்று சுந்தரி தண்ணீரும் குறைவாகவே சேர்த்தாள். வயல் முழுக்கத் தெளித்தாள். மிச்சத்தையும் வீணாக்காமல் வாய்க்கால் வாயில் ஊற்றிப் பாய்ச்சினாள்.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் இலையின் ஓரமெல்லாம் பழுப்பேறியது. அப்புறம் கருகியது. வாய்க்கால் வாயோர வரிசைகள் அப்பளம் சுட்ட மாதிரி சுருண்டன. வழியில் போன ஒருவர் நின்று, "என்னம்மா, அவிக்கிற வேலை வேணாமுன்னு வயல்லயே வறுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் டீக்கடை, ரேஷன் கடை, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் சுற்றிவிட்டுச் சுந்தரி வீட்டுக்கே திரும்பி வந்தது.

சுந்தரி வரப்பில் நின்றாள். நிற்பது என்றால் என்ன என்று அவள் கால்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நோயா? புழுவா? இலையில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. ஒரு இலையைக் கிள்ளி, நாக்கில் வைத்தாள்.

கருவாட்டுக் குழம்பு!

உப்பு. மீனுக்குப் போட்ட அத்தனை உப்பும் சோளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நாக்கில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் டிரம்மிலேயே தெரிந்திருக்கும். அவள் நாக்குக்கு அவள் வேகம் வேலை கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் பின்னால் சத்தம். கைலாசநாதன், தோளில் பவர் ஸ்பிரேயர். டேங்க் நிறைய மருந்து.

"நவுரு சுந்தரி. கருகலு நோயி வந்துருக்கு. புழுவும் வேற கெடக்கு. ஒரே ஒரு தடவ அடிச்சா நின்னுரும்."

"நோயி இல்ல மாமா. உப்பு. நான்தான் கருவாட்டுத் தண்ணிய அடிச்சுட்டேன்."

"என்னமோ ஒண்ணு! நான் அடிச்சத நீ பாக்கல, நீ பாக்காதத நான் சொல்லல. சாவியும் நீயே வச்சுக்க. பயிரு பொழைக்கட்டும். பாவமா இருக்கும்மா பாக்க."

அதுதான் கஷ்டம். அவர் சண்டைக்கு வந்திருந்தால் சுந்தரி ஒரு வாயில் முடித்திருப்பாள். மனுஷர் பரிதாபப்பட்டு வந்திருந்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. அந்த மூன்று மாவில் அவர் உழாத சால் கிடையாது. அதில் ஒரு பயிர் கருகுவதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மருந்து வாசம் காற்றில் வந்தது. சுந்தரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இருந்தும் அவர் முன்னால் போய் வரப்பை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, போன வருஷம் இதே வரப்புலதான் விழுந்தேன். வெயிலுன்னு சொன்னீங்க."

அவர் டேங்க்கின் பட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வெயிலுதான்னா, இப்ப எம்மேல அடிச்சுட்டு அப்பறம் பயிருல அடிங்க. நான் மோரு குடிச்சுக்கிறேன்."

ஸ்பிரேயர் டுபுடுபு என்று ஓடிக்கொண்டே இருந்தது. கைலாசநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அதை நிறுத்தினார்.

"திமிரு" என்றார். "பயிரு போச்சுன்னா சாவி வரணும். அப்ப வந்து அழுவாத."

"அழ மாட்டேன். சாவியோடதான் வருவேன்."

அவர் போனதும் அவள் மறுபடி வயலுக்குள் இறங்கினாள்.

உப்பைக் கழுவ வேண்டும். வேறு வழி இல்லை. ஒவ்வொரு இலையையும் நல்ல தண்ணீரால் கழுவி, அடியிலும் தண்ணீரைக் கட்டி, வடிகாலில் வடித்துவிட வேண்டும். சுந்தரி தன் கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். பத்துச் செடிக்கு ஒரு வீச்சு. கழுவின இலையை நக்கிப் பார்த்தால், பாதி உப்பு அப்படியே இருந்தது.

சிவக்குமார் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். "குடு, நான் பாக்குறேன்."

"நீங்களா? நீங்க கழுவி முடிக்கிறதுக்குள்ள இது காஞ்சு வெறவாயிடும்."

பதில் சொல்வதற்கும் அவருக்கு நேரம் பிடிக்கும். முதல் செடியின் முதல் இலையைப் பிடித்தார். மேலே தண்ணீர், கீழே தண்ணீர், குருத்துக்குள் தண்ணீர். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி. அடுத்த இலை. சுந்தரி பின்னால் போய் அவர் கழுவினதை நக்கிப் பார்த்தாள். சுத்தம்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மெதுவாக இருப்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

செல்லமும் செய்தி கேட்டு ஓடி வந்தாள். "எம்மேலயும் பாதிப் பழி இருக்குடி. குடு ஒரு வாளி."

"பாதி இல்லக்கா, உப்பு பூரா ஒன்னோடது."

"வெல்லம் ஒன்னோடதுடி! ஏன் சிவக்குமாரு, மொதுகு தேச்சு வுடணுமாய்யா அதுக்கு? இந்த மாதிரி ஒரு நாளாவது ஒம்பொண்டாட்டிக்கு எண்ணெ தேச்சு வுட்டுருக்கியா?"

சிவக்குமார் யோசித்தார். அடுத்த வரிசை முடியும்போது, "இல்லக்கா" என்றார்.

பெண்கள் இருவரும் சிவக்குமாரின் வேகத்துக்கே இறங்கினார்கள். சுந்தரிக்கு அதுதான் தண்டனை. ஒரு இலையைக் கழுவி முடிக்கும்வரை அடுத்ததைப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால் பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவாள். வயல் பூராவும் கழுவி, தண்ணீர் கட்டி வடித்து, மறுபடி கட்டி வடித்து, கடைசியில் ஜீவாமிர்தம் பாய்ச்சினாள். வாயோர வரிசைகள் பிழைக்கவில்லை. அதைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். உப்புச்சோளம் தின்ற மாடு அன்றைக்கு ஒரு குளத்தைக் காலி செய்தது.

அதற்குப் பிறகு எது வந்தாலும் நாக்கு. குருத்தில் போடும் மணலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். சாம்பலை வைத்துப் பார்த்தாள். வேப்பங்கொட்டைத் தண்ணீரை வைத்துப் பார்த்து, ரெண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். புழு பொறுக்குவதையும் விடவில்லை. கருகிய இலைக்கு நடுவிலிருந்து புதுக்குருத்து வந்தது. உச்சியில் பூ வந்தது. இடுப்பில் கதிர் வைத்து, அதன் வாயில் பட்டுநூல் தொங்கியது. நூல் பழுப்பாகிற வரை பறிக்கக் கூடாது. சுந்தரி தினமும் வந்து கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

ஒருநாள் காலை கதிரைக் கொஞ்சம் பிரித்து, நகத்தால் ஒரு முத்தைக் கீறினாள். பால் பீறிட்டது.

ஜெகபர் சாதிக் லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினார். ஒரு கதிரை உரித்தார். நுனியில் ஒரு புழு, யார் வந்தது என்று எட்டிப் பார்த்தது.

"என்னக்கா இது, ஆளு குடியிருக்கான்?"

"நுனிய ஒடச்சு வீசுங்க பாய். மருந்து அடிச்சிருந்தா அவன் இருந்திருக்க மாட்டான். அவன் திங்கிறதத்தான் நம்மளும் திங்கிறோம்."

சாதிக் நுனியை ஒடித்து எறிந்தார். மிச்சத்தைப் பச்சையாகவே கடித்தார். மென்றார். நின்றார். இன்னொரு கடி. "மாஷா அல்லா" என்றார். அதற்கப்புறம் கதிர் முடிகிற வரைக்கும் அவர் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. "அக்கா, இத அவிக்கணுமா? வண்டியில போறப்பவே நான் பாதியக் காலி பண்ணிருவேன் போல இருக்கே!"

வரப்பில் கைலாசநாதன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. சுந்தரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"மாமா, வாயோரத்து வரிசையெல்லாம் போச்சு. சிலதுல புழுவும் இருக்கு. பயிரு வெளங்கலன்னு நீங்க சொன்னா, இந்தாங்க. பேச்சு பேச்சுதான்."

கதிரைக் குவித்துக்கொண்டிருந்த சிவக்குமார் நிமிர்ந்து பார்த்தார். கைலாசநாதன் சாவியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த வாயோரத்தைப் பார்த்தார். குவித்து வைத்த கதிரைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரை எடுத்து உரித்து, வரப்பிலேயே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டுக் கடித்தார். பட்டுநூல் மீசையில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று எடுத்தார். அதையும் முடித்தார். சாதிக் பதறி, மூட்டையின் வாயைக் கட்டினார்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "இதுல கருவாட்டு வாசமே வரலையே?"

"கழுவிட்டோம் மாமா."

அவர் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். "எம்பருத்திக்கு நான் மருந்து அடிப்பேன். அத நீ கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"ஒன் வரப்போரம் இருக்குற வரிசையில மட்டும் அடிக்க மாட்டேன். காத்துல இங்க வந்துரும்." குரல் இறங்கியது. "போன வருஷம் வெயிலு இல்ல. எனக்கும் தெரியும்."

சுந்தரி நீட்டிய கையை மடக்கவில்லை. "சாவி மாமா?"

"மோட்டாருக்கு கிரீஸ் வச்சு எத்தன நாளாவுது? சத்தம் எங்க வூடு வரைக்கும் கேக்குது. சாவி வச்சிருக்குற ஆளுதான் அதெல்லாம் பாக்கணும்." இரண்டு கதிரைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் காலை, கிளிஞ்சல்மேட்டுக் கரையில் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண் காலி டிரம்மோடு நின்றாள். ஏலம்கூட ஆரம்பிக்கவில்லை. செல்லம் மீன் கழிவு வாளியைக் கொண்டுவந்து வைத்ததும், சுந்தரி குனிந்து ஒரு விரலை உள்ளே விட்டாள்.

"அடிச்சீ!" என்று அலறினாள் செல்லம். "எல்லாரும் பாக்குறாங்கடி!"

"பாக்கட்டும்" என்றாள் சுந்தரி. விரலை நாக்கில் வைத்தாள். அவசரப்படாமல், சிவக்குமார் இட்லி தின்கிற வேகத்தில் ருசி பார்த்தாள். "உப்பு இல்லக்கா. ஊத்து."